விசில் ஊதினால் விழுகிறவர்

இந்தக் கடிதம் வந்து சேரும்போது நீ அலுவலகத்திலிருந்து வந்து சட்டையைக்கூட மாற்றியிருக்க மாட்டாய். முதலில் சாப்பிடு, பிறகு படி. வாட்ஸப்பில் அனுப்பும் நீளமில்லை இது. போனில் சொல்லலாம் என்றால், உன் அப்பாவைப் பற்றிய பேச்சு வந்தவுடன் நம் இருவரில் ஒருவருக்கு எப்போதும் வேறு ஏதோ அழைப்பு வந்துவிடுகிறது. எட்டு வருஷமாக அப்படித்தான். அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். கல்லூரியில் இருபது வருஷமாகக் கரும்பலகையில் எழுதிப் பழகிய கைதான், ஆனால் இதை எழுத உட்கார்ந்து நாலு நாளாகிறது.

போன செவ்வாய்க்கிழமை மலர் பேசினாள். உங்கள் கல்யாணம் முடிந்த மறுநாள் இரண்டு வீட்டு ஆட்களையும் குற்றாலத்துக்கு அழைத்துப்போகச் சுரண்டையில் அவள் அப்பா வேன் பேசிவிட்டாராம். அருவி சீசனில் கல்யாணம் வைத்தால் இங்கே எல்லாரும் செய்வதுதான். நீ மட்டும் வேண்டாம் என்றிருக்கிறாய். காரணம் கேட்டதற்கு எழுந்து வெளியே போய்விட்டாயாம். "கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பி வந்தாங்க அத்தை. 'எங்கப்பா சாகும்போது நான் சிரிச்சுக்கிட்டு இருந்தேன்'னு மட்டும் சொன்னாங்க. அதுக்கு மேல கேக்க எனக்கு வாய் வரல" என்றாள். நான் உனக்கு எழுதுகிறேன் என்று சொன்னேன். "ஏன் அத்தை, போன்ல பேச மாட்டீங்களா?" என்றாள். பேசத் தெரிந்திருந்தால் எட்டு வருஷம் ஆகியிருக்காதும்மா என்றேன். கெட்டிக்காரப் பெண். சீக்கிரம் எழுதுங்க அத்தை என்று சொல்லிப் போனை வைத்தாள்.

நீ அவளிடம் சொன்ன அந்த ஒரு வரியில் எனக்குத் தெரிந்தும் உனக்குத் தெரியாத ஒரு பிழை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் நேராக அதற்குப் போக எனக்குத் தைரியமில்லை. அந்தப் படத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

டிவிடி பிளேயர் வாங்கியபோது இலவசமாக ஒரு டிஸ்க் கொடுத்தார்கள், உனக்கு நினைவிருக்கும். நூறு வருஷத்துக்கு முந்தைய ஊமைப் படங்கள் ஏழெட்டு அதில் இருந்தன. ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு நிமிஷம். நீயும் அப்பாவும் பார்த்தது அதில் ஒன்றை மட்டும்தான். ஒட்டிய கன்னத்தோடு ஒரு பெயிண்டர், அளவுக்கு மிஞ்சிய பூட்ஸ் போட்டுக்கொண்டு, கடைப் பலகையில் பெயர் எழுத ஏணியைத் தோளில் தூக்கி வருவான். அவன் திரும்பும்போதெல்லாம் ஏணியின் மறுமுனை யாரையாவது அடிக்கும். தெருவை மறித்து ஏணி வைக்கக் கூடாது என்று மீசைக்காரப் போலீஸ்காரர் ஒருவர் விசில் ஊதுவார். விசில் ஊதியதும் பெயிண்டர் திடுக்கிட்டு விழுவான். பெயிண்ட் வாளி போலீஸ்காரர் தலையில் கவிழும். மறுபடி ஏறுவான், மறுபடி விசில், மறுபடி விழுவான். விசிலுக்கும் சத்தம் கிடையாது. போலீஸ்காரரின் கன்னம் உப்புவதை வைத்துத்தான் ஊதுகிறார் என்று தெரியும். கடைசியில் எழுதி முடித்துவிட்டு, அழகு பார்க்க நாலடி பின்னால் போவான். பின்னால் ஒரு பள்ளம். விழுவான். அதோடு படம் அறுந்துபோகும். அவன் வெளியே வருகிற பகுதி எப்போதோ தொலைந்திருக்க வேண்டும். அந்த இடத்தில் நீ அழுவாய். "அவரு பக்கத்துத் தெரு வழியா ஏறி வீட்டுக்குப் போயிட்டாருலே" என்று அப்பா தினமும் சொல்வார்.

அப்பாவுக்கு அந்தப் படம் பிடித்ததற்குக் காரணம் அவருடைய பெயிண்ட் கடை. தென்காசியிலும் சுற்று வட்டாரத்திலும் இருந்த பெயிண்டர்கள் பாதிப் பேர் அவர் கடைக்கு வருகிறவர்கள். அவர்கள் பேசுவதுபோலவே ஊமைப் பெயிண்டரைப் பேசவைப்பார். "ஏட்டையா, ஒரே ஒரு எழுத்துதான் பாக்கி, எழுதிட்டு எறங்கிருதேன்." போலீஸ்காரருக்கு அடித்தொண்டைக் குரல்: "ஏலே, ரோடு என்ன ஒங்க அப்பன் வீட்டு முத்தமா? எறங்குலே." நீ சோறு வாங்காத பிள்ளை. ஏட்டையா குரலுக்குத்தான் வாய் திறப்பாய். பிறகு, ஏதோ கோயில் கொடைக்குப் போனபோது ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் விசில் வாங்கி வந்தாய். படத்தில் இல்லாத சத்தத்தை நீ கொடுத்தாய். நீ ஊதினால் பெயிண்டர் விழுவான், கூடவே கூடத்தில் அப்பாவும் விழுவார். சோபாவிலிருந்து, நாற்காலியிலிருந்து, ஒருமுறை கையில் தோசைத் தட்டோடு. "அப்பா, இன்னொருக்கா" என்பாய். "இருலே, அப்பாவுக்கு இடுப்பு ஒண்ணுதான் இருக்கு" என்பார். பிறகு விழுவார்.

நான் சிரிக்க மாட்டேன். விழுவதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. நீ இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது உன்னை உட்காரவைத்து, அந்தக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள், இப்போது அதை வேகமாக ஓட்டுகிறார்கள், அதனால்தான் அவர்கள் துள்ளுவதுபோல் தெரிகிறது, சரியான வேகத்தில் போட்டால் நம்மைப்போல மெதுவாகத்தான் நடப்பார்கள், நம்மைப்போல வலிக்கத்தான் விழுவார்கள் என்று விளக்கினேன். உன் முகம் வாடிப்போனது. "புரொபசரம்மாவுக்கு எவனாவது விழுந்தாக்கூட ஃபார்முலா வேணும்" என்று அப்பா சொன்னார். "ஏன்பா அம்மா சிரிக்க மாட்டேங்கா?" என்று நீ கேட்டாய். "உள்ளுக்குள்ள சிரிக்காலே. சத்தம் வராது. அவளும் ஊமைப்படம்தான்." அன்று எனக்குக் கோபம் வந்தது. இப்போது அந்த வாக்கியத்தை நினைக்காத நாள் இல்லை.

ஒருநாள் சாயங்காலம், நீ டியூஷனுக்குப் போயிருந்தபோது, என்னை அந்தப் படத்தின் முன்னால் உட்காரவைத்து அவர் ஒன்று காட்டினார். "விழுததுக்கு முன்னால அந்த ஆளு கண்ணப் பாரு. விழப்போற எடத்த ஒருக்கா பாத்துக்கிடுதான். அதுக்குப் பெறகுதான் விழுதான். நானும் அப்படித்தான். பாக்காம விழுந்தா பல்லு போயிரும்." நான் நம்பவில்லை. நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பார்த்தேன். பதினோரு முறை விழுகிறான். பதினோரு முறையும் கண் இமைக்கும் நேரம் தரையைப் பார்க்கிறான். கடைசிப் பள்ளத்துக்குக்கூடத் தோளுக்கு மேலாக ஒரு பார்வை இருந்தது. சோதித்துப் பார்த்து உண்மை என்று கண்டுகொண்டதால் அந்தப் படம் எனக்கு முதல்முறையாகப் பிடித்தது. அவருக்கு அது போதுமாக இருந்தது. "தேறிட்டா" என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பிப் போனார்.

குற்றாலத்து வழக்கமும் அதிலிருந்து வந்ததுதான். அருவியில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தப் போலீஸ்காரர்கள் விசில் ஊதிக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு சீசனிலும் நாம் போகிற முதல் நாள், காதில் விழுகிற முதல் விசிலுக்கு அப்பா விழ வேண்டும். நீ வளர்ந்து மீசை முளைத்த பிறகும் அது நிற்கவில்லை. ஈரத் தரையில், துண்டும் தோளுமாக, நாலு பேர் பார்க்க விழுவார். நான் பத்தடி தள்ளிப்போய் வேறு குடும்பத்தைச் சேர்ந்தவள்போல ரம்பூட்டான் விலை கேட்டுக்கொண்டு நிற்பேன்.

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாது.

நீ பிளஸ் டூ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த அந்தப் பங்குனியில், ஒரு காலையில் அப்பா சாப்பாட்டு மேஜைக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் விழுந்தார். டம்ளர் உருண்டோடிய சத்தம் கேட்டு நீ உன் அறையிலிருந்து "என்னப்பா?" என்று குரல் கொடுத்தாய். அவர் தரையில் கிடந்தபடியே, "ஏலே, ரோடு என்ன ஒங்க அப்பன் வீட்டு முத்தமா?" என்றார். நீ உள்ளிருந்தபடியே சிரித்தாய். நான் எதிரில் நின்றுகொண்டிருந்தேன். யாரும் விசில் ஊதவில்லை. விழும்போது அவர் தரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் கண்ணில் நான் இல்லை. அடுத்த வாரம் இன்னொரு முறை, குளியலறை வாசலில். மூன்றாவது முறை கடையில். நான் அங்கே போனபோது முழங்கையில் பிளாஸ்திரி இருந்தது. "ஏணி வழுக்கிட்டு" என்றார். ஏணி ஒட்டடை படிந்து சுவரோரம் சாய்ந்திருந்தது. அவர் அதில் ஏறிப் பல நாளாகிறது என்று பார்த்தாலே தெரிந்தது.

அன்று வீட்டில் நேராகவே கேட்டேன். "எத்தன தடவ விழுந்தீங்க?"

"சினிமாவுலயா?"

"விளையாடாதீங்க."

முழங்கைப் பிளாஸ்திரியை அழுத்தி ஒட்டிக்கொண்டார். "கண்ணு இருட்டிட்டு வருது. ஒரு நிமிசம்கூட இல்ல, சரியாயிருது. சாரல் சீசன் முடியட்டும், திருநெல்வேலில போயி நல்ல டாக்டர்ட்ட காட்டிருவோம். அவன் காலேஜ்ல சேரட்டும். இப்ப சொன்னா பரீச்சையப் பாப்பானா என்னைப் பாப்பானா?" என்றார். நான் சரி என்றேன். சண்டை போட்டிருக்கலாம், அன்றே கையைப் பிடித்துப் பேருந்தில் ஏற்றியிருக்கலாம். மூன்று அளவீடுகளை வைத்து முடிவுக்கு வரக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். அதையே என் பயத்துக்குச் சாக்காக வைத்துக்கொண்டேன். உன் பரீட்சை முடிந்தது, முடிவும் வந்தது, அப்போதும் நான் அவரை அழைத்துப் போகவில்லை. அடுத்த இரண்டு மாதம் அவர் விழவில்லை. அல்லது நான் பார்க்கும்போது விழவில்லை.

பிறகு ஆடி மாதம், அந்தச் சனிக்கிழமை, குற்றாலத்தில் ஐந்தருவி. அங்கே நடந்ததை நீயும் பார்த்தாய், ஆனாலும் எழுதுகிறேன். குளித்துவிட்டுக் கடைகள் பக்கம் வந்தோம். சாரல் முகத்தில் அடித்தது. அப்பாவின் கையில் நேந்திரங்காய்ச் சிப்ஸ் பொட்டலம். கடையிலிருந்து அருவி வரைக்கும் அன்று ஒரு விசில்கூட நம் காதில் விழவில்லை, காலையிலேயே போய்விட்டதால் கூட்டம் அவ்வளவு கம்மி. நீ புதுப் போனை எடுத்து, "கறுப்பு வெள்ளையில எடுக்கேன்பா. அந்தப் படம் மாதிரியே இருக்கும். விசில் வாரவரைக்கும் இங்கன நில்லுங்க" என்றாய். "ஒனக்காக அவுக ஊதணுமாக்கும்" என்று அவர் சிரித்தார். அப்போது பெண்கள் பக்கம் இரண்டு பேர் பாறையில் ஏறப்போக, போலீஸ்காரர் விசில் ஊதினார். அப்பா விழுந்தார். பொட்டலம் சிதறியது. சுற்றி நின்ற சிலர் சிரித்தார்கள். குரங்கு ஒன்று வந்து சிப்ஸைப் பொறுக்கியது, அதற்கும் சிரித்தார்கள். குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆள் ஒருவர் குப்பியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்து, "தம்பி, போன உள்ள வையி. அண்ணாச்சி கண்ணு ஒரு மாதிரி இருக்கு" என்றார். விசில் ஊதிய அதே போலீஸ்காரர்தான் ஓடிவந்து காலைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார். தென்காசிக்குப் போய்ச் சேர்ந்தபோது டாக்டருக்குச் செய்ய அதிகம் இருக்கவில்லை. இதயத்துடிப்பு தாளம் தவறியிருக்கிறது, பல மாதமாகவே தவறிக்கொண்டிருந்திருக்கும் என்றார். அருவியில் வீணாய்ப் போன அந்தச் சில நிமிஷங்களால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். பெரிதாக ஒன்றும் மாறியிருக்காதும்மா என்றார். அது மருத்துவமா இரக்கமா என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் உனக்கு எழுத மாட்டேன். ஆனால் பங்குனியில் அவரை அழைத்துப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் உனக்குப் புரியும்.

அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ என்னிடம், "நான் சிரிச்சிட்டேம்மா. எவ்வளவு நேரம் சிரிச்சேன்னே தெரியல" என்றாய். "அதெல்லாம் இப்ப எதுக்கு" என்று சொன்னேன். உன்னிடம் நான் சொன்னதிலேயே மிகக் கேவலமான வாக்கியம் அதுதான். பதினாறாம் நாள் முடிந்ததும் அந்தப் போனை என் கையில் கொடுத்து, "இத நீயே வச்சுக்கம்மா" என்றாய். அந்த மாதமே கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாய், பிறகு பெங்களூர். தீபாவளிக்கு வந்தால் இரண்டு நாள். உன்னிடம் நான் தூரமாக இருந்தேன் என்று நீ நினைத்திருப்பாய், நீ சிரித்ததை நான் மன்னிக்கவில்லை என்றும் நினைத்திருப்பாய். உனக்கு அப்படி ஓர் எண்ணம் இருக்கலாம் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. அதை மறுக்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பங்குனியிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அதனால் உன்னைச் சுமக்கவிட்டேன்.

அந்தப் போனில் இருப்பது நாற்பது நொடிப் படம். எட்டு வருஷத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு. கறுப்பு வெள்ளையில், சத்தமில்லாமல், ஒருவர் விழுகிறார். அவர் தரையைப் பார்க்கவில்லை. அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மலர் பேசிய மறுநாள் சாயங்காலம், கல்லூரியிலிருந்து வந்து, முதல்முறையாகச் சத்தத்தை வைத்துக் கேட்டேன். அதில் என்ன இருக்கிறது என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். அதற்கு முன்னால், கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அம்மா ஏதாவது சொல்ல வேண்டும் அல்லவா, அதைச் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்றுதான். மலர் உன்னிடம் ஒன்றைக் கேட்டு, நீ வேடிக்கையாகப் பதில் சொல்லி, அவள் பேசாமல் இருந்துவிட்டால், அது முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதே. நானும் உன் அப்பாவும் அப்படித்தான் குடும்பம் நடத்தினோம். அவர் சிரிக்கவைத்துத் தப்பித்துக்கொண்டார், நான் மௌனமாக இருந்து தப்பித்துக்கொண்டேன். பார்க்கிறவர்களுக்கு அது பொருத்தமான ஜோடியாகத் தெரிந்தது. உன்னிடம் அவருடைய வேடிக்கை நின்றுபோய் என் மௌனம் மட்டும் வந்திருக்கிறது. மலர் இரண்டாவது முறையும் கேட்கிற பெண். எனக்குப் போன் போட்டதே அதற்குச் சாட்சி. அவள் கேட்கும்போது எழுந்து வெளியே போகாதே.

குற்றாலத்துக்குப் போ என்று உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டேன். வேனைத் திருச்செந்தூருக்கு விட்டால் யாரும் குறைந்துபோக மாட்டார்கள். சுரண்டைக்காரர்களிடம் நானே பேசிக்கொள்கிறேன். ஆனால் ஆவணியில் கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள் வீட்டுக்கு வா. போனுக்குச் சார்ஜ் போட்டுவைத்திருக்கிறேன், பேட்டரி இன்னும் தாங்குகிறது. சத்தத்தை நீயே கூட்டி வைத்துக் கேள். கேட்ட பிறகு என்னோடு பேசத் தோன்றாவிட்டால் பேசாதே. அதற்கும் தயாராகத்தான் இதை எழுதினேன்.

அதில் இருப்பது இதுதான். முதலில் அருவிச் சத்தம். பிறகு விசில். அவர் விழுகிறார். உடனே ஒரு சிரிப்பு, பெரிதாக, அடக்க முடியாத சிரிப்பு. அது ஒரு பெண்ணின் சிரிப்பு. யாரென்று அடையாளம் தெரியாமல் மறுபடி ஓட்டிக் கேட்டேன். நான்தான். என் சிரிப்புக்கு அப்படி ஒரு சத்தம் இருக்கும் என்று எனக்கே தெரியாது. ஏன் சிரித்தேன் என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மாதக்கணக்காக அவர் எப்போது விழுவாரோ என்று பயந்துகொண்டிருந்தேன். அன்று பழையபடி விசிலுக்குச் சரியாக விழுந்தார், அப்படியானால் அவருக்கு ஒன்றும் இல்லை, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். என் வாழ்நாளில் சோதித்துப் பார்க்காமல் நான் நம்பியது அந்த ஒன்றைத்தான். என் சிரிப்புக்குப் பிறகு உன் குரல் வருகிறது. அதில் சிரிப்பே இல்லை. "அப்பா?" என்கிறாய். கொஞ்சம் விட்டு, "அம்மா, அப்பா எந்திரிக்கலியே" என்கிறாய். அதற்கு நான் சிரித்துக்கொண்டே சொல்கிறேன், "இன்னொரு விசில் ஊதினாத்தான் எந்திரிப்பாவ." அதைக் கேட்ட பிறகுதான் நீ சிரிக்கிறாய்.

எட்டு வருஷமாக உன்னுடையது என்று நீ வைத்திருந்தது என்னுடையது. நீ கேட்டாய், தம்பி. சரியான நேரத்தில், சரியான கேள்வியைத்தான் கேட்டாய். பதில் சொன்னவள் நான்.

அம்மா